வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தம்

நீ மகனா மகளா என்று எனக்குத் தெரியாது. நீ எனக்குள் வந்து ஏழு மாதம் ஆகிறது. நாளை மறுநாள் என்னை எண்ணூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். நீ அங்கேதான் பிறப்பாய். போவதற்கு முன் இதை எழுதி என் துணிகளுக்கு அடியில் வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பத்தொன்பது நடக்கிறது. நீ இதைப் படிக்கும்போது என்னைவிடப் பெரிய வயதில் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குக் குரல் வராது, காகிதத்தில் கொஞ்சம் வரும். அதனால்தான் நேரில் சொல்லாமல் எழுதுகிறேன். உனக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு நான் எதையும் தெளிவாகத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்குத் தெரியாமல் போனவற்றைத்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பதினைந்து வயதிலிருந்து முதுகில் மூட்டை சுமந்தவர், எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்புதான் மேலே ஏறினார். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி, மேலே இருக்கும் சின்னக் கூண்டில் நாள் முழுவதும் உட்கார்ந்து கைப்பிடியை இழுக்கிற வேலை. கீழே எறும்பு மாதிரி ஆட்கள் ஓடுவதைப் பார்த்தபோதுதான் மனிதனாக உணர்ந்தேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சுமப்பது நின்றுபோனது, சாப்பாடு மட்டும் சுமந்த காலத்து அளவிலேயே இருந்தது. நான் வந்த பிறகு அதைவிடவும் கூடியது. கை கால்கள் முன்பு போலவே மெலிந்திருக்க, வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் வந்தது. ராயபுரத்தில் எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் அதை எனக்குக் கிடைத்த மெடல் போலப் பேசினார்கள். "பாரேன், வந்த வருசமே புருசனுக்குத் தொப்ப போட வெச்சிட்டா" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன், ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். என் முதல் தவறு அந்தச் சந்தோஷம் என்று இப்போது நினைக்கிறேன். அது தவறுதானா என்பதும் எனக்குத் தெரியவில்லை. வயிறு ஒட்டிக் கிடந்த மனிதரைப் பார்த்து யார்தான் சந்தோஷப்படுவார்கள்?

வீட்டில் இன்னொருவர் உன் அத்தை. உன் அப்பாவுக்கு அக்கா, அவரைவிட எட்டு வயது மூத்தவர். கணவர் இறந்த பிறகு தம்பியோடு இருக்கிறார், பருப்புக் கிடங்கு ஒன்றில் புடைத்து எடுக்கும் வேலைக்குப் போகிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கூப்பிட நேரும்போது மட்டும். அத்தைக்கு முகம் சிறியது, இடை ஓரளவுதான், அதற்குக் கீழே இடுப்பும் தொடையும் கனத்தவை. நடந்தால் வாசல் நிறையும். அவருடைய வாய்க்கு எங்கள் வரிசையே பயப்படும். ஒருநாள் உன் அப்பாவும் நானும் அவரை அழைத்து வரக் கிடங்குக்குப் போயிருந்தபோது, மூட்டை நிறுக்கும் தராசுப் பலகையில் முதலில் அத்தை ஏறி நின்றார். பிறகு "ஏறுடா, நீ எத்தினி மூட்ட பாக்கலாம்" என்று தம்பியை ஏற்றினார். நிறுக்கிற ஆளுக்குத் தராசின் எடைக்குண்டை நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை. இருவரும் ஒரே எடை. அங்கிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தம்பி முன்னால வெச்சிகினு கீறாரு, அக்கா பின்னால வெச்சிகினு கீது, சரக்கு ஒண்ணுதான்" என்றாள் ஒருத்தி. அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். சரக்கு ஒன்றுதான் என்று.

நீ எனக்குள் வந்து நாலாவது மாதத்தில், கிரேன் ஏணியில் பாதி ஏறியதும் உன் அப்பா நின்றுவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை, கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாராம். கீழே இருந்த மேஸ்திரி பார்த்துவிட்டார். மறுநாளே துறைமுகத்து ஆட்களைப் பார்க்கும் ஒரு சின்ன மருந்தகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டர் வயதில் இளையவர். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தவர், எல்லோரையும் போல அத்தோடு விடாமல், வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றில் வரச் சொன்னார். ரத்தம் எடுக்க வேண்டுமாம். காபி கூடக் குடிக்கக் கூடாது என்று கம்பவுண்டர் இரண்டு முறை சொன்னாராம். உன் அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏணியில் மூச்சு முட்டிய மனிதரிடமிருந்து ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு பட்டினியும் போடுகிறார்களே என்றுதான் தோன்றியது. ரத்தம் போகப் போகிறது என்றால் முதலில் ரத்தம் ஊற வேண்டாமா? எங்கள் பக்கம் ஒருவருக்கு ரத்தம் போனால் ஆட்டுக்கால்தான் கொடுப்போம். வியாழக்கிழமை புளியந்தோப்பிலிருந்து வாங்கி வரச் சொல்லி, எலும்பு கரையப் பாயா வைத்திருந்தேன். இரவு சாப்பிட்டது போக அரைச்சட்டி மிச்சம் இருந்தது. ஆனால் மறுநாள் வெள்ளி. உன் அத்தை வெள்ளிக்கிழமைகளில் அம்மனுக்கு விரதம். விளக்கு வைக்கும் வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான். அன்றைக்கு எங்கள் அடுப்பில் மாமிசம் ஏறாது, மிச்சம் இருந்தால் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட வேண்டும். விடிகாலையில் அத்தை குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனதும் நான் சட்டியைத் திறந்தேன். மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறைந்து, மூடி போட்ட மாதிரி இருந்தது. அதை எடுத்துப் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், சத்து அதில்தான் இருக்கிறது என்று அப்படியே சுட வைத்தேன். உன் அப்பா முதலில் வேண்டாம் என்றார். வாசனை வந்ததும் உட்கார்ந்துவிட்டார். "ரத்தம் எடுக்க சொல்ல வவுத்துல இன்னா கீதுன்னு எவன் பாக்கப் போறான்" என்று நான்கு ஆப்பத்தோடு முழுவதையும் சாப்பிட்டார். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அடுப்படியில் சாம்பிராணி காட்டினேன். அத்தை வந்து "இன்னா பொண்ணே, இன்னிக்கி உனுக்கு பக்தி பொத்துகினு வருது" என்றார். நான் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டேன்.

மருந்தகத்துக்கு மூன்று பேரும் போனோம். கம்பவுண்டர் கேட்டார், "இன்னாப்பா, நாஷ்டா துன்னியா?" உன் அப்பா என்னைப் பார்க்காமல், "இல்லீங்க" என்றார். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மேஸ்திரி இன்னொரு நாள் விட மாட்டார் என்ற பயம். டாக்டர் தையல்காரர் நாடா ஒன்றை எடுத்து, உன் அப்பாவின் வயிற்றையும் இடுப்பையும் தனித்தனியாக அளந்து எழுதினார். பிறகு ஊசி. பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரய்யா, இவனுக்கு இன்னா ஒடம்பு கீதுன்னு எடுக்கறீங்கோ? கொழுப்பு பாக்கணும்னா இங்க பாருங்கோ. ஒரே எடதான் ரெண்டு பேரும், தராசுல நின்னு பாத்தோம்." டாக்டர் சிரித்தார், ஆனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே எடை என்று தெரிந்ததும் அவர் கண்கள் விரிந்தன. நர்ஸை விட்டு அத்தையையும் அளக்கச் சொன்னார், ரத்தமும் எடுத்தார். "சாப்பிட்டீங்களாம்மா?" "வெள்ளிக்கெயமை. தண்ணிதான்."

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காட்டினார். இரண்டிலும் அடியில் ரத்தம் உறைந்து, மேலே நீர் பிரிந்து நின்றது. அத்தையின் குழாயில் இருந்த நீர் வெளுத்த தேநீர் மாதிரி மஞ்சளாக, அப்பால் இருப்பது தெரியும்படி தெளிவாக இருந்தது. உன் அப்பாவுடையது பால். பசும்பாலைக் குழாயில் ஊற்றி வைத்தது போல. "இது பூரா கொழுப்பு. உடம்புல கொழுப்பு எவ்வளவு இருக்குங்கறதைவிட எங்க இருக்குங்கறதுதான் விஷயம்னு வெளிநாட்டுல சில பேர் சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க" என்றார் டாக்டர். அவர் சொன்னது துறைமுகத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி இருந்தது. இடுப்பிலும் தொடையிலும் தங்குகிற கொழுப்பு கிடங்கில் அடுக்கிய மூட்டை. அவசரம் வந்தால்தான் வெளியே வரும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேருவது கப்பலை ஒட்டிக் கரையில் குவித்துப் போட்ட சரக்கு. ஓயாமல் ஈரலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், ஈரல் அதை ரத்தத்தில் ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். சர்க்கரையும் கெடும், நெஞ்சுக்குப் போகும் குழாய்களும் கெடும். "அக்கா பருமன், ஆனா ரத்தம் சுத்தம். தம்பி ஒல்லி மாதிரி தெரியறார், ரத்தம் இப்படி" என்றார். கிரேன் ஏறக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார்.

டாக்டர் பேசிய அத்தனை நேரமும் நான் அந்தப் பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் சட்டியின் மேல் நான் பார்த்த அதே வெள்ளை. அது அவர் வயிற்றிலிருந்து வந்ததா, என் சட்டியிலிருந்து வந்ததா? அத்தையின் ரத்தம் தெளிவாக இருந்தது இடுப்பினாலா, விரதத்தினாலா? அத்தையும் நாலு ஆப்பமும் பாயாவும் சாப்பிட்டிருந்தால் அந்தக் குழாய் எப்படி இருந்திருக்கும்? இதெல்லாம் என் நாக்கின் நுனி வரை வந்தது. பக்கத்தில் அத்தை நின்றார். வெள்ளிக்கிழமை என் அடுப்பில் ஆட்டுக்கால் ஏறியது என்று அவர் காதுபடச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த ஐந்து நாட்களை உனக்கு எப்படிச் சொல்வேன்? உன் அப்பாவைக் கீழே நிறுத்தி, கொக்கி மாட்டுகிறவர்களுக்குக் கை காட்டுகிற வேலை கொடுத்தார்கள். "இன்னா மாமு, மேல காத்து ஒத்துக்கலியா?" என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், "காலைல சாப்ட்டதாலதான் அப்டி இருந்துதோ என்னமோ." அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "துன்னது வவுத்துல கீது. ஊசி போட்டது கையில. அதுக்குள்ள எப்டிமே போவும்? சும்மா கெட. பொய் சொன்னேன்னு தெரிஞ்சா கிரேன நெனச்சிகூட பாக்க முடியாது." ஒரு நேரம் தோன்றும், சொல்லிவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள், அவர் மறுபடி மேலே போவார், முகம் மலரும். அடுத்த நேரம் தோன்றும், டாக்டர் சொன்னது நிஜமாகவே வயிற்றைப் பற்றியதாக இருந்தால்? நான் வாயைத் திறந்து அவரை ஏணியில் ஏற்றிவிட்டு, பாதியில் கை நழுவினால்? சொன்னாலும் அவரைத் தள்ளிவிட்டவள் நான், சொல்லாவிட்டாலும் அவரை இறக்கி வைத்தவள் நான். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நீ அப்போதுதான் முதல்முறை அசைந்தாய், அதைக்கூட நான் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமையும் அத்தையோடு மூன்று பேராகத்தான் போனோம். டாக்டர் ஒரு பெரிய காகிதத்தை எடுத்து வைத்திருந்தார். ரத்தம் அந்த அளவுக்குக் கெட்டிருப்பதால் இனி எப்போதுமே உயரத்தில் வேலை தரக் கூடாது என்று எழுதி அனுப்பப் போகிறேன் என்றார். உன் அப்பா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்ததும்தான் என் வாய் திறந்தது.

"அவரு சாப்ட்டாரு."

மூன்று பேரும் திரும்பினார்கள். எனக்கு என் குரலே அடையாளம் தெரியவில்லை.

"அன்னிக்குக் காலைல. ஆட்டுக்கால் பாயா. நான்தான் சுட வெச்சுக் குடுத்தேன். அவரு வாணாம்னாரு."

"இன்னாது?" என்றார் அத்தை. "வெள்ளிக்கெயமையா? எங்க வூட்டு அடுப்புலயா? அதான் அந்த சாம்பிராணியா?"

"எவ்வளவு சாப்பிட்டார்?" என்றார் டாக்டர். அவருக்கு வெள்ளிக்கிழமை முக்கியமாகப் படவில்லை.

"அரைச் சட்டி."

டாக்டர் பேனாவை மூடினார். சிரிப்பாரோ திட்டுவாரோ என்று நான் பயந்தேன். இரண்டும் இல்லை. "கொழுப்பு சாப்பிட்டு சில மணி நேரம் யாருக்குமே ரத்தம் கொஞ்சம் கலங்கும்மா. அதுக்குத்தான் வெறும் வயிறுன்னு சொல்றது. இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" பெரிய காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். அப்போது வாசலில் நின்ற கம்பவுண்டர், "யோவ், என்னாண்ட இன்னா சொன்ன நீ?" என்று உன் அப்பாவைக் கேட்டார். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

மறுநாள் உண்மையான வெறும் வயிற்றில் மறுபடி எடுத்தார்கள். இந்த முறை பால் இல்லை. என் நெஞ்சு லேசாகத் தொடங்கிய நேரத்தில் டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தெளிவும் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு மங்கல். பின்னால் பிடித்த காகிதத்தின் எழுத்து சரியாகத் தெரியவில்லை. "போன வாரம் நான் பார்த்தது உங்க பாயா. இது இவர் வயிறு" என்றார். அதோடு, முதல் நாள் அவ்வளவு பாலாகக் கலங்கியதற்கும் அந்த வயிறு துணை போயிருக்கும், தேங்கிய இடத்தில் புதிதாகக் கொட்டினால் சீக்கிரம் வடியாது என்றார். எது எவ்வளவு என்று கேட்டேன். நானேதான் கேட்டேன். தனக்கும் தெரியாது என்றார். டாக்டருக்கே தெரியாது என்பதைக் கேட்டதும் எனக்குப் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. எப்போதுமே ஏறக் கூடாது என்று எழுதவில்லை. மூன்று மாதம் கீழே இருக்கட்டும், தினமும் நடக்கட்டும், ஆட்டுக் கொழுப்பை நிறுத்துங்கள், மீனும் கேழ்வரகும் கீரையும் கொடுங்கள், மறுபடி பார்ப்போம் என்றார்.

கிளம்பும்போது என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "உங்க ரத்தத்தை எடுத்தாலும் இப்போ கொழுப்பு கூடத்தான் இருக்கும், பயப்படாதீங்க, குழந்தைக்காக உடம்பு அப்படித்தான் செய்யும்" என்றார். இடுப்பிலும் தொடையிலும் எனக்கு ஏறியிருப்பது பிறகு பாலாக உனக்கு வரும் என்றார். வழியெல்லாம் இதையே யோசித்தேன். ஒரே பொருள் உன் அப்பாவிடம் இருந்தால் நோய், உன் அத்தையிடம் இருந்தால் சும்மா இருக்கிறது, என்னிடம் இருந்தால் உனக்குச் சாப்பாடு. இது எனக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. ஒருவரின் பருமனைப் பார்த்து அவர் உள்ளே எப்படி இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. நீயும் சொல்லாதே. ஒருவேளை உன் அப்பாவின் உடம்புவாகு உனக்கு வந்திருந்தால், கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்தால், அக்கம்பக்கத்தார் பாராட்டினாலும் நீ சந்தோஷப்படாதே. நாடாவை எடுத்து அளந்து பார்.

அத்தை வீட்டை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார். பாயாச் சட்டியைத் தெருவில் போட்டு உடைத்தார். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. உன் அப்பாவும் பேசவில்லை. துறைமுகத்தில் அவருக்குப் "பாயா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள், இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் கேழ்வரகுக் களி கிண்டி வைத்தால் அவர் பாதியில் எழுந்து போவார். பத்தாம் நாள் விடிகாலையில் அத்தைதான் அவரை உலுக்கி எழுப்பினார். "எய்ந்திரு. நடக்கணும்னு டாக்டரு சொன்னாரு இல்ல? கூட நானும் வரேன்." என் பக்கம் திரும்பாமல் சொன்னார், "நீ சொன்னது தப்பில்ல. அடுப்புல வெச்சதுதான் தப்பு." அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் தினமும் கடற்கரை ஓரமாகக் காசிமேடு வரை நடந்துவிட்டு வருகிறார்கள். உன் அப்பாவின் வேட்டி முடிச்சு இரண்டு விரல் உள்ளே போயிருக்கிறது. சில நாள் நன்றாக இருக்கிறார், சில நாள் கிரேனை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து என்மேல் எரிந்து விழுகிறார். சொன்னது சரியா என்று ஒவ்வொரு நாளும் எனக்குப் பதில் மாறுகிறது.

மூன்று மாதம் முடிந்து ரத்தம் எடுக்கிற நாள் அடுத்த வாரம். அன்று நான் எண்ணூரில் இருப்பேன். அந்த நாளை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். குழாயில் என்ன தெரியும், அவர் மேலே ஏறுவாரா, ஏறினால் பத்திரமாக இறங்குவாரா, எதுவும் எனக்குத் தெரியாது. இன்று காலை என் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார், "நீ இல்லாத அன்னிக்கி நான் நல்லா துன்னுட்டு போயி, இல்லன்னு சொன்னா இன்னாமே பண்ணுவ?" அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொள்வேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன்.

"எண்ணூர்லேந்து நடந்து வந்து சொல்லுவேன்" என்றேன்.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அத்தை, "சொல்லும்டா, இது சொல்லும்" என்றார். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் கால்களை, வீங்கியிருந்த என் பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நடக்காத. வவுத்துல புள்ள கீது. நான் துன்னாமலே போறேன்" என்றார்.

அதை நம்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கொண்டுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.